நெடுங்காலத் தொடராட்டத்தில் சலிப்பான அமர்வுகள்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டாகும். அவர்களில் ஒருவர் மட்டும் தனக்கென்று ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்ளாமல், கதை நடக்கும் உலகத்தையும் அதில் வரும் மற்ற எல்லோரையும் ஏற்று நடத்துவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். பிற விளையாட்டுகளில் பெரும்பாலும் கேம் மாஸ்டர் என்பார்கள். இக்கட்டுரையில் அவரை நடத்துநர் என்றே குறிப்பிடுவோம். பேருந்து நினைவுக்கு வந்தால் தவறில்லை. யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்கிப் போய்விடுவார் என்ற கவலை இவருக்கும் உண்டு.

ஒரே பாத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரே கதையை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆடுவது தொடராட்டம் எனப்படும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் கேம்பெய்ன் என்ற சொல், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து வந்தது. அங்கே அது தொடர்ச்சியான பல சண்டைகளைக் கொண்ட ஒரு படையெடுப்பைக் குறித்தது. ஒரு நாள் கூடி ஆடிக் கலைவது ஓர் அமர்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தேர்வு, பண்டிகை, காய்ச்சல் எல்லாம் போக 3 ஆண்டுகளில் 65 அமர்வுகளாவது நடக்கும். அதாவது 260 மணி நேரம். இத்தனை மணி நேரமும் சுவை குறையாமல் இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. நல்ல குழுவிலும் சில நாட்கள் சப்பென்று போகும்.

அதற்காக அதை அற்பமென்று தள்ளிவிடவும் முடியாது. தொடராட்டங்கள் சண்டை சச்சரவில் உடைவதைக் காட்டிலும் ஓசையில்லாமல் கரைந்து போவதே அதிகம். ஒரு நாள் அலுத்துப்போன ஒருவர் அடுத்த முறை வேலை இருக்கிறது என்பார். ஆள் குறைவென்று நடத்துநர் தள்ளிவைப்பார். இரண்டு முறை தள்ளிப்போனபின் அடுத்த தேதி என்ன என்று கேட்க ஆளிருக்காது. பாதியில் நின்ற கதை மட்டும் அதனோடு போவதில்லை. படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், திருமணமும் ஆனபின் நண்பர்கள் தவறாமல் கூடுவதற்கு அந்த ஓர் ஆட்டம்தான் காரணமாக இருந்திருக்கும். அதுவும் சேர்ந்தே போகிறது.

சலிப்பிலிருந்து பிறந்த விளையாட்டு

இந்த விளையாட்டு வகையே ஒருவருக்கு ஏற்பட்ட சலிப்பிலிருந்து தோன்றியது என்றால் வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் 1960களில் போர் விளையாட்டுக் குழு ஒன்று இயங்கிவந்தது. அதில் இருந்த டேவ் ஆர்னசன், நெப்போலியன் காலப் போரைப் பற்றிய ஒரு தொடராட்டத்தை நடத்திவந்தார். அதன் இறுகிய விதிகள் அவருக்கு அலுத்துப்போயின. ஒரு வார இறுதியில் தொலைக்காட்சியில் பூதப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, கோனன் கதைகளைப் படித்து, பாப்கார்ன் கொறித்தபடியே கட்டம் போட்ட தாளில் ஒரு கோட்டையையும் அதன் அடியில் சுரங்க அறைகளையும் வரைந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டைதான் பிளாக்மூர். 1971இல் தொடங்கிய அந்த ஆட்டமும், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸின் விதித் தொகுப்புகளும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் வெளிவந்தன.

அதற்கும் முன்பே, அதே குழுவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு சோதனை செய்தார். 1960களின் இறுதியில், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனைப் பிரஷ்ய ஊரைச் சுற்றி ஒரு போரை அமைத்தார். படைத்தலைவர்களோடு நிற்காமல், ஊரில் உள்ள மற்றப் பொறுப்புகளையும் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆனால் ஆட்டம் அவர் திட்டமிட்டபடி நகரவே இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியே கூடி ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், நடக்கவேண்டிய போர் நடக்கவில்லை. எல்லாம் குழப்பமாகிவிட்டது, ஆட்டம் தோற்றது என்றே வெஸ்லி முடிவு செய்தார். கலந்துகொண்டவர்களோ இன்னொரு முறை எப்போது என்று கேட்டு அவரைத் துளைத்தெடுத்தார்கள். தாங்கள் வேறு ஆளாக இருந்து பேசியதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இந்த இரண்டாவது நிகழ்ச்சியை நடத்துநர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. அமர்வு எப்படி இருந்தது என்பதை அளக்கும் கோலாக நடத்துநரின் மனநிலையைக் கொள்ள முடியாது. தான் தயாரித்து வைத்தது எவ்வளவு பயன்பட்டது என்று அவர் பார்க்கிறார். ஆட்டக்காரர்களோ தங்களுக்கு என்ன செய்யக் கிடைத்தது என்று பார்க்கிறார்கள்.

மெதுவான அமர்வும் சலிப்பான அமர்வும்

பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு விடுதியில் உட்கார்ந்து காயத்தை ஆற்றிக்கொண்டு, இறந்துபோன தோழனைப் பற்றிப் பேசி, அடுத்து எங்கே போவது என்று வாதாடிக் கழியும் ஓர் அமர்வில் ஒரு பகடைகூட உருளாமல் போகலாம். அது மெதுவான அமர்வு. அதைச் சலிப்பு என்று கருதி நடுவில் நாலு கொள்ளைக்காரர்களை விடுதிக்குள் நுழையவிடும் நடத்துநர் தன் கதையையே கெடுத்துக்கொள்கிறார். நெடுந்தொடரில் இத்தகைய அமர்வுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் யார் என்பது இங்கேதான் உறைக்கிறது. பத்து அமர்வு கழித்து ஒருவர் ஆபத்தில் மாட்டும்போது மற்றவர்கள் பதறுவது இதனால்தான்.

சலிப்பான அமர்வின் அடையாளம் வேறு. நான்கு மணி நேரம் கழிந்தும் எந்த முடிவும் எடுக்கப்பட்டிருக்காது. எடுத்திருந்தாலும் அதனால் எதுவும் மாறியிருக்காது. ஆட்டம் தொடங்கியபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் எழுந்து போவார்கள். வேகம் இருந்தும் இப்படி நேரலாம். மூன்று சண்டைகள் நடந்து, மூன்றிலும் வெற்றி உறுதி என்று முதலிலேயே தெரிந்திருந்தால், அந்த அமர்வு வேகமானது, ஆனால் சலிப்பானது.

யாருக்குச் சலித்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1980ஆம் ஆண்டிலேயே கிளென் பிளாகோ என்பவர் ஆட்டக்காரர்களை நான்கு போக்குகளாகப் பிரித்து ஓர் இதழில் எழுதினார். ராபின் டி. லாஸ் 2002இல் வெளியிட்ட, ஆட்டம் நடத்துவதைப் பற்றிய சிறு நூலில் இந்த வகைப்பாடு இன்னும் விரிவாக வருகிறது: வலிமை சேர்ப்பவர், அடிதடி விரும்புபவர், வியூகம் வகுப்பவர், நடிப்பில் மூழ்குபவர், கதையின் போக்கை நாடுபவர் எனப் பலர். நண்பர்கள் வருகிறார்கள் என்பதற்காகவே வந்து உட்காருபவரையும் லாஸ் ஒரு வகையாகச் சேர்த்து, அவரை வலிந்து முன்னே இழுக்க வேண்டாம் என்கிறார். மிகச் சரியான அறிவுரை. ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து அவருக்குச் சலிப்பு என்று நடத்துநர் தவிப்பது பல நேரங்களில் வீண். ஆக, அரசவைச் சூழ்ச்சி நிறைந்த ஓர் அமர்வு அடிதடி விரும்புபவருக்குச் சலித்தால் அது குறையாகாது. அடுத்த முறை அவருக்கான முறை. ஐந்து பேருக்கும் சலித்தால்தான் காரணம் தேடவேண்டும்.

சண்டையின் கணக்கு

காரணங்களில் முதலிடம், புதியவர்கள் நம்ப மறுத்தாலும், சண்டைக்குத்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தற்போதைய விதிப்படி சண்டையில் ஒரு சுற்று என்பது கதைக்குள் வெறும் 6 வினாடி. மேசையில் அதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து ஆட்டக்காரர்கள், ஆளுக்கு 3 நிமிடம். ஆறு எதிரிகள், தலைக்கு 1 நிமிடம். ஒரு சுற்றுக்கு 21 நிமிடம். ஒருவர் 3 நிமிடம் ஆடிவிட்டு 18 நிமிடம் காத்திருக்கிறார். நான்கு சுற்றுச் சண்டை என்றால் 84 நிமிடம். அதில் அவர் காத்திருப்பது 72 நிமிடம். அவருடைய வாள் குறி தவறாமல் படுவதற்கு 65 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்று கொண்டாலும், அடுத்தடுத்து இரண்டு முறை குறி தவற எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படித் தவறினால் முக்கால் மணி நேரத்துக்கு நெருக்கமாக அவர் எதையும் சாதிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கை தானாகக் கைப்பேசியை நோக்கிப் போகும். கைப்பேசியில் மூழ்கியவர் தன் முறை வரும்போது தலைநிமிர்ந்து, இப்போது என்ன நிலவரம் என்று கேட்பார். அதற்கு விளக்கம் சொல்ல இன்னும் இரண்டு நிமிடம். சலிப்பு இப்படித்தான் சலிப்பை வளர்க்கிறது.

இதே கணக்கு மருந்தையும் காட்டுகிறது. ஒருவர் ஆடும்போதே அடுத்தவரை நடத்துநர் பெயர் சொல்லி ஆயத்தப்படுத்தினால், ஆளுக்கு ஒரு நிமிடமே போதும். ஆறு எதிரிகளையும் இரண்டு கூட்டமாக்கிச் சேர்த்து உருட்டினால் 2 நிமிடம். 21 நிமிடச் சுற்று 7 நிமிடமாகிவிடும். விதி எதையும் மாற்றவேண்டியதில்லை.

முடிவு தெரிந்துவிட்ட சண்டையை இழுக்காமல் நிறுத்துவது அடுத்தது. இதற்குப் பழைய விதிப்புத்தகங்களில் நல்ல வழி இருந்தது. டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் ஒவ்வோர் எதிரிக்கும் 2 முதல் 12 வரை மன உறுதி எண் உண்டு. எதிரிகளில் முதல் ஆள் விழுந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும் நடத்துநர் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டுவார். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் எதிரிகள் பின்வாங்குவார்கள் அல்லது சரணடைவார்கள். கடைசி ஆள் வரை வெட்டிச் சாய்க்கும் அலுப்பு மிச்சம். ஓடியவர்கள் யாரிடம் போய் என்ன சொல்வார்கள் என்ற புதுக் கேள்வியும் கிடைக்கிறது. 2013இல் வந்த தேர்ட்டீன்த் ஏஜ் விளையாட்டு வேறு வழியில் போனது. இரண்டாம் சுற்றிலிருந்து ஆட்டக்காரர்களின் தாக்குதலுக்கு 1 கூடும். சுற்றுக்குச் சுற்று அது வளர்ந்து 6 வரை போகும். சண்டை நீள நீள முடிவை நோக்கி வேகமெடுக்கிறது.

அடைபட்ட துப்பும் முடியாத திட்டமும்

துப்பறியும் கதைகளில் சலிப்பு வேறு வழியாக நுழைகிறது. சாண்டி பீட்டர்சன் உருவாக்கி 1981இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட கால் ஆஃப் கதுல்ஹு விளையாட்டில், மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் தனிப் பயிற்சி இல்லாத பாத்திரத்துக்கு 25 விழுக்காடு. ஓர் அறையில் ஒளித்துவைத்த கடிதத்தை நால்வரும் தேடினால்கூட, நால்வருமே தவறவிட 100க்கு 32 வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கடிதம் இல்லாமல் கதை நகராது என்று நடத்துநர் அமைத்திருந்தால், மீதி அமர்வு முழுவதும் ஆட்டக்காரர்கள் சுவரைத் தட்டிக்கொண்டும் தோட்டக்காரரை மூன்றாம் முறை விசாரித்துக்கொண்டும் இருப்பார்கள். இதில் யாருடைய சோம்பலும் இல்லை. கதவுக்கு ஒரே சாவி செய்து அதையும் சூதாட்டத்தில் வைத்ததுதான் பிழை.

இதற்கு இரண்டு தீர்வுகள் நன்கு அறியப்பட்டவை. ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வரவேண்டுமோ அதற்குக் குறைந்தது மூன்று துப்புகளை வெவ்வேறு இடங்களில் வைக்கவேண்டும் என்பது ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய விதி. ஒவ்வொன்றையும் தவறவிட 45 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும், மூன்றையும் தவறவிடுவது 9 விழுக்காடுதான். ராபின் டி. லாஸ் உருவாக்கிய கம்ஷூ விளையாட்டு முறை, முக்கியத் துப்புகளுக்குப் பகடையே தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டது. உரிய திறனுள்ள பாத்திரம் உரிய இடத்தில் தேடினால் துப்பு கிடைத்துவிடும். அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் ஆட்டம். சட்டத்தை மாற்ற விரும்பாதவர்கள் அலெக்சாண்டரின் விதியோடு நின்றாலே போதும் என்பது என் கருத்து.

திட்டமிடுதல் இதன் மறுபக்கம். கோட்டைக்குள் நுழைவது எப்படி என்று ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். கூரை வழியா, சாக்கடை வழியா, காவலனுக்குப் பணமா? ஒவ்வொரு யோசனையிலும் இன்னொருவர் ஓட்டை கண்டுபிடிப்பார். நடத்துநர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். பயம்தான் இதற்கு அடிப்படை. தவறான முடிவெடுத்தால் பாத்திரம் இறந்துவிடும் என்ற எண்ணம். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற விளையாட்டு இதை நேராக எதிர்கொள்கிறது. கொள்ளையடிக்கப் போகும் கும்பல் எந்த வகைத் திட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே காரியத்தில் இறங்கிவிடும். நடுவில் பூட்டிய கதவு வந்தால், இதற்கு நான் நேற்றே சமையல்காரனைச் சரிக்கட்டி வைத்தேன் என்று ஆட்டக்காரர் முந்தைய நாள் காட்சியொன்றைச் சொல்லலாம். அதற்கு ஒரு விலை கொடுக்கவேண்டும். வேறு விளையாட்டு ஆடுபவர்களும் இந்த உத்தியைக் கடன் வாங்கலாம். அதுவும் வேண்டாமென்றால் பத்து நிமிட மணல் கடிகாரம் ஒன்று போதும்.

கடைவீதி அமர்வுகளைப் பற்றி ஒரு வரி: கயிறும் விளக்கெண்ணெயும் வாங்குவதை அமர்வுக்கு முன்பே செய்தியாக அனுப்பிவிடலாம், பொருளை விற்பவர் கதைக்கு முக்கியமானவர் என்றால் மட்டும் அவரை மேசைக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஆட்டக்காரர் என்ன செய்யலாம்

இந்த விளையாட்டைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் நடத்துநரைப் பார்த்தே எழுதப்படுகின்றன. மேசையில் உள்ள ஐந்து வாய்களில் நான்கு ஆட்டக்காரர்களுடையவை என்பதை அவை மறந்துவிடுகின்றன. அமர்வு தேங்கும்போது ஆட்டக்காரர் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம், தன் பாத்திரத்தின் வாயால் இன்னொரு பாத்திரத்திடம் ஒரு கேள்வி கேட்பது. நீ ஏன் அந்தக் கோயிலுக்குள் மட்டும் வரமாட்டேன் என்கிறாய்? இப்படி ஒரு கேள்விக்கு நடத்துநரின் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. கேட்கப்பட்டவருக்குப் பேச இடம் கிடைக்கிறது. பல நேரங்களில் அவர் எழுதிவைத்து யாரும் கேட்காமல் போன பழைய கதை வெளியே வருகிறது.

இரண்டாவது, யாராவது முடிவெடுக்கவேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கும்போது முடிவெடுப்பது. சாக்கடை வழியாகவே போவோம், வாருங்கள் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் பெரும்பாலும் நிம்மதியாகப் பின்தொடர்வார்கள். ஆனால் இதற்கும் சலிப்பைத் தீர்க்கக் கலகம் செய்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்பதற்காக விடுதிக்குத் தீ வைப்பவரும், அரசர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்மேல் அம்பு எய்பவரும் எல்லா ஊர் மேசைகளிலும் இருக்கிறார்கள். ஒருவருடைய அரைமணி நேர உற்சாகத்துக்காக மற்ற நால்வரின் மூன்று மாதக் கதை எரிந்துபோகிறது. கலகம் செய்தே தீரவேண்டுமென்றால் அதன் விலை தன் பாத்திரத்தின் தலையில் விழும்படி செய்வது மரியாதை. பொறி இருக்குமோ என்று எல்லோரும் தயங்கும் பெட்டியைத் திறந்து பார்ப்பது இந்த வகை.

சும்மா இருக்கும் கைக்கு வேலை கொடுப்பதும் உதவும். வரைபடம் வரைவது, நடந்ததைக் குறித்துவைப்பது, சந்தித்தவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதுவது. தன் முறை இல்லாத நேரத்திலும் காது மேசையிலேயே இருக்கும். நெடுந்தொடரில் அந்தக் குறிப்பேடு பிறகு பொன்னாக மதிக்கப்படும். இருபது அமர்வுக்கு முன் ஏமாற்றிய வணிகனின் பெயர் நடத்துநருக்கே மறந்திருக்கும்.

உடல் களைப்பால் வரும் சலிப்புக்கு இவை எதுவும் மருந்தல்ல. இன்று எனக்கு முடியவில்லை, பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் அந்த முகத்தைப் பார்த்து நடத்துநர் தன்மேல் பழி போட்டுக்கொள்வார்.

நடத்துநர், அந்த நேரத்திலேயே

அமர்வு வழுக்கிப் போகிறது என்று உணர்ந்தவுடன் செய்யக்கூடியவற்றில் எளிதானது, பத்து நிமிட இடைவேளை. தேநீர் போடப் போகும்போது யாராவது ஒருவர், நாம் ஏன் அந்தக் கலங்கரைவிளக்கத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லுவார். பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் நேராகக் கேட்டுவிடலாம்: இந்தக் காட்சியில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்? அவர்கள் தேடுவது அங்கே இல்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம். மாயம் கலைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். இல்லாத ரகசியக் கதவை ஒரு மணி நேரம் தேடவிடுவதால் எந்த மாயமும் காப்பாற்றப்படுவதில்லை.

காலத்தைத் தாண்டுவது இன்னொரு கருவி. மூன்று நாள் நடந்து மலையடிவாரத்தை அடைகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட நடத்துநருக்கு உரிமை உண்டு. வழியில் சண்டை வைத்திருக்கிறோமே என்று அதை ஆடியே தீரவேண்டியதில்லை. தாள் வீணாகாது, அடுத்த மலைக்குப் பயன்படும்.

திடீர்த் தாக்குதல் என்னும் பழைய வைத்தியத்தை எச்சரிக்கையுடன் பயன்படுத்தவேண்டும். முடிவெடுக்காமல் தேங்கி நிற்கும் மேசைக்கு அது பலிக்கும். சண்டை அலுத்துப்போன மேசைக்கு இன்னொரு சண்டையைக் கொடுப்பது, வயிறு நிறைந்தவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பதுபோல. முந்தைய பத்தியில் சொன்ன மோல்ட்வே பதிப்பின் காலத்தில் சுரங்கத்துக்குள் கதைநேரம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பகடை உருட்டி, ஆறில் ஒரு வாய்ப்பில் அலையும் பூதம் வரும். ஆனால் அது சலிப்புக்கு மருந்தாக வைக்கப்பட்டதல்ல. தாமதிப்பதற்கு விலை உண்டு என்று முன்கூட்டியே தெரியும்படி செய்த ஏற்பாடு. விலை தெரிந்தவர்கள் தாமே தேங்காமல் நகர்ந்தார்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிடலாம். பலருக்கு இதுதான் கடினம். தொலைவிலிருந்து வந்தவர்களை ஏமாற்றுவதாகத் தோன்றும். மூன்று மணி நேர மந்தமான அமர்வை நான்கு மணி நேரமாக்குவதால் யாருடைய பேருந்துக் கட்டணமும் திரும்பக் கிடைப்பதில்லை. மீதி நேரத்தில் சீட்டாடலாம், வெறுமனே பேசிக்கொண்டிருக்கலாம்.

இணையவழி ஆடும் குழுக்களுக்கு இது இன்னும் பொருந்தும். ரோல்20, டிஸ்கார்டு போன்றவற்றின் வழியே ஆடும்போது முகம் பார்த்துச் சலிப்பை அறிய முடியாது. இன்னொரு சாளரம் எப்போதும் ஒரு சொடுக்கில் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குமேல் நீட்டாமல் இருப்பது நல்லது.

திரையில் காணும் ஆட்டமும் வீட்டு ஆட்டமும்

2015 மார்ச்சில் கிரிட்டிக்கல் ரோல் என்ற நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாகத் தொடங்கியது. மேத்யூ மெர்சர் நடத்த, அவருடைய நண்பர்கள் ஆடினார்கள். எல்லோரும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். முதல் தொடராட்டம் 2017 அக்டோபரில் 115 அமர்வுகளோடு நிறைவுற்றது. பல்லாயிரம் பேரை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்தது அந்நிகழ்ச்சி. கூடவே, எந்த வீட்டு மேசையும் எட்ட முடியாத ஓர் எதிர்பார்ப்பையும் கொண்டுவந்தது. ஆங்கிலம் பேசும் ஆட்டக்காரர்கள் இதற்கு மெர்சர் விளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தன் நண்பர் குரல் மாற்றிப் பேசத் தெரியாமல் திணறும்போது, அதை அந்தத் திரையோடு ஒப்பிட்டுச் சலித்துக்கொள்பவர் ஒன்றை மறக்கிறார்: அந்நிகழ்ச்சியிலும் கடைவீதியில் கழிந்த நீண்ட பொழுதுகள் உண்டு. பார்ப்பவர் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார்.

மறுநாள்

அமர்வு முடிந்த இரவே அதைப் பற்றிப் பெரிய விவாதம் நடத்துவது பலனளிப்பதில்லை. எல்லோரும் களைத்திருப்பார்கள், நடத்துநரின் காயம் பச்சையாக இருக்கும். பல குழுக்கள் பின்பற்றும் ஓர் எளிய வழக்கம் உண்டு. நட்சத்திரமும் விருப்பமும் என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொருவரும் அன்று பிடித்த ஒன்றைச் சொல்லி அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுப்பார்கள். அடுத்த முறை காண விரும்பும் ஒன்றைச் சொல்வார்கள். குறை கேட்கும் வடிவத்தில் இல்லாததால் கூச்சமுள்ளவரும் வாய் திறப்பார். அந்த விருப்பங்களைக் கவனித்தால் குறைகள் தாமே தெரியும். மூன்று பேர் அரண்மனையை விட்டு வெளியே போனால் நன்றாக இருக்கும் என்றால், அரண்மனை அலுத்துவிட்டது.

அடுத்த அமர்வைத் தொடங்கும் விதம் முந்தைய அமர்வின் கசப்பைப் பெருமளவு துடைத்துவிடும். மைக்கேல் ஷே 2018இல் வெளியிட்ட, சோம்பேறி டன்ஜன் மாஸ்டருக்கான நூலில், தயாரிப்பின் தொடக்கத்திலேயே அழுத்தமான ஆரம்பம் ஒன்றை யோசிக்கச் சொல்கிறார். விடுதியில் விழித்தெழுகிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று தொடங்காமல், ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும் இடத்தில் தொடங்குவது. அதே நூலில் இன்னொரு யோசனையும் உண்டு: ஆட்டக்காரர்கள் அறியக்கூடிய பத்து ரகசியங்களை, எங்கே கிடைக்கும் என்று கட்டிவைக்காமல் எழுதிக்கொள்வது. அவர்கள் எங்கே தேடினாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். மேலே கண்ட துப்பு அடைப்புக்கு இதுவும் ஒரு பரிகாரம்.

முன்கதைச் சுருக்கத்தை நடத்துநர் சொல்லாமல் ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்லச் செய்வதையும் பரிந்துரைக்கிறேன். சலிப்பானது என்று எல்லோரும் நினைத்த அமர்விலிருந்து அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பது நடத்துநரை வியக்கவைக்கும். போகிறபோக்கில் உளறிய ஒரு படகோட்டியின் பெயர் அதில் இருக்கும். அந்தப் படகோட்டியைத் திரும்பக் கொண்டுவரவேண்டும்.

அடுத்தடுத்து மூன்று அமர்வுகள் சலித்தால்

அப்போது அது தற்செயலான சலிப்பு அல்ல. பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: நடத்துநர் களைத்துவிட்டார், அல்லது கதை உண்மையில் முடிந்துவிட்டது, அல்லது குழுவில் ஒருவருக்கு வேறு விளையாட்டே தேவை.

களைத்த நடத்துநருக்குத் தேவை ஓய்வு. ஆனால் குழுவின் கூடுகை நிற்கக்கூடாது. இரண்டு மாதத்துக்கு வேறொருவர் சிறு கதை ஒன்றை நடத்தட்டும். பழைய நடத்துநர் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடட்டும். நடத்துவது எவ்வளவு வேலை என்று மற்றவருக்கும், காத்திருப்பது எவ்வளவு அலுப்பு என்று அவருக்கும் அப்போதுதான் தெரியும். தேதி மட்டும் மாறவே கூடாது. இரண்டாம் ஞாயிறு என்றால் இரண்டாம் ஞாயிறு.

கதை முடிந்துவிட்டதை ஒப்புக்கொள்வது கடினம். எதிரி வீழ்ந்து ஓராண்டாகியும், பாத்திரங்கள்மேல் உள்ள பாசத்தால் ஆடிக்கொண்டே இருக்கும் குழுக்கள் உண்டு. அங்கே எல்லோரும் பேசி, இன்னும் மூன்று அமர்வுகளில் முடிப்போம் என்று தேதி குறிப்பதே நல்ல வழி. முடிவு தெரிந்தவுடன் தேங்கிய மேசையில் சுறுசுறுப்பு வருவதைக் காணலாம். தள்ளிப்போட்ட வஞ்சங்களும் சொல்லாத காதல்களும் அந்த மூன்று அமர்வுக்குள் வெளிவந்துவிடும்.

எல்லாத் தொடராட்டமும் முடியவேண்டும் என்பதும் இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் வாழும் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் 1982இல் தொடங்கிய ஆட்டம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஒரே உலகில் நடந்துவந்தது. சிறுவனாக இருந்தபோதே அவர் அதைத் தொடங்கினார். பின்னாளில் அவருடைய மகளும் ஆட உட்கார்ந்தார். அத்தனை ஆண்டுகளில் எத்தனை மாலைகள் சப்பென்று போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அடுத்த வாரமும் அவர்கள் வந்திருக்கிறார்கள்.